ஊரில் 90க்கு மேல், இங்கே 80க்கு 31: ஐஜிசிஎஸ்இ அறிவியலில் ஓட்டை எங்கே?

கோவை_டு_கேஎல்

வணக்கம். மகன் கோவையில் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது முடித்தவன். அறிவியலில் 90க்குக் குறைந்ததில்லை. செப்டம்பரில் கோலாலம்பூரில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் இயர் 10, ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு). பயிற்சிக்கு ஒரு மாதிரித் தாள் கொடுத்தார்கள். இயற்பியல் 80க்கு 31, வேதியியல் 28. கணக்கு பரவாயில்லை.

திருத்திய தாளைப் பார்த்தால் அவன் எழுதியதில் பெரிய தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு கேள்விக்கு அரைப் பக்கம் எழுதி 3க்கு 1. இன்னொன்றை "புக்லயே இல்லை" என்று தொடாமலே விட்டிருக்கிறான். கிராஃப்புக்கு 5க்கு 1. புக் பேக் கேள்வியை ஒப்பித்தால் மார்க், ரெகார்டு நோட்டைப் பார்த்து எழுதினால் பிராக்டிக்கல் மார்க் என்று ஒன்பது வருடம் பழக்கிவிட்டு, இப்போது பிள்ளை முழிக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

பள்ளி தொடங்கக் கையில் 11 வாரம். எங்கே தொடங்குவது? டியூஷனில் சேர்த்தால் அங்கேயும் நோட்ஸ் கொடுத்து உருப்போட வைப்பார்களோ என்று பயம். பின்னால் நீட் (இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதலாம் என்ற எண்ணமும் உண்டு, அந்தக் கதவையும் அடைத்துவிடக் கூடாது.

---

செந்தூல்_வாத்தியார்

அக்கா, முதல் வேலையாக அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் ஏவல் சொல்லை மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். ஸ்டேட், டிஸ்கிரைப், எக்ஸ்பிளெய்ன், டிடர்மின், சஜஸ்ட். ஊரில் இத்தனைக்கும் ஒரே பதில்தான்: அந்தத் தலைப்பில் புத்தகத்தில் இருக்கிற பத்தியை அப்படியே இறக்குவது. திருத்துகிறவர் அதற்குள் கீ வேர்டு தேடி மார்க் போட்டுவிடுவார்.

இங்கே ஸ்டேட் என்றால் ஒரு வரி, காரணம் தேவையில்லை. டிஸ்கிரைப் என்றால் என்ன நடக்கிறது. எக்ஸ்பிளெய்ன் என்றால் ஏன் நடக்கிறது. சஜஸ்ட் என்று வந்தால், பதில் புத்தகத்தில் வரிக்கு வரி கிடைக்காது, தெரிந்ததை வைத்து யோசி என்று அர்த்தம். தம்பி தொடாமல் விட்டது அநேகமாக இந்த வகையாகத்தான் இருக்கும்.

அடுத்து, கேள்வியின் ஓரத்தில் இருக்கிற எண். 3 என்று இருந்தால் மூன்று தனிக் கருத்து. வெப்பநிலை கூடினால் வினை ஏன் வேகமாகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உருப்போட்ட பதில் இப்படி வரும்: "வெப்பநிலை அதிகரித்தால் வினைவேகம் அதிகரிக்கும். ஏனெனில் துகள்கள் அதிகமாக மோதுகின்றன. எனவே வினைவேகம் வெப்பநிலையைச் சார்ந்தது." முதல் வரி கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. கடைசி வரி முதல் வரியைத் திருப்பிச் சொல்கிறது. நடு வரியிலும் "அதிகமாக" என்பது போதாது, "ஒரு நொடிக்கு அதிக மோதல்" என்று வரவேண்டும். மார்க் கிடைப்பது இதற்கு: துகள்களின் இயக்க ஆற்றல் கூடுகிறது, ஒரு நொடிக்கு நடக்கும் மோதல்கள் கூடுகின்றன, கிளர்வு ஆற்றலை எட்டிய துகள்களின் பங்கு கூடுகிறது. மூன்றே வரி. அரைப் பக்கம் எழுதினால் நேரம்தான் போகும்.

நேரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்எல்சி அறிவியல் எழுத்துத் தேர்வு 75 மார்க்குக்கு 3 மணி நேரம். கேம்பிரிட்ஜ் அறிவியலின் எழுத்துத் தாளான பேப்பர் 4, 80 மார்க்குக்கு ஒன்றேகால் மணி. மார்க்குக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இன்னொரு பொறி: ஒரு விடை கேட்ட இடத்தில் பாதுகாப்புக்கு இரண்டு எழுதி, அதில் ஒன்று தப்பானால் சரியானதற்கு உரிய மார்க்கும் போய்விடும். "எதற்கும் எழுதி வை" என்கிற நம்ம ஊர்ப் புத்தி இங்கே கையைச் சுடும்.

முதல் மூன்று வாரம் புதுப் பாடமே வேண்டாம். ஒரு நாளைக்கு பழைய பேப்பர் 4இலிருந்து இரண்டு கேள்வி. எழுதி முடித்ததும் மார்க் ஸ்கீமை (எந்தக் கருத்துக்கு எத்தனை மார்க் என்ற திருத்தும் குறிப்பு) வைத்து அவனே சிவப்பு மையில் திருத்தட்டும். போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும்: பாடம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, சொல் துல்லியமாக இல்லை. ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் வகை குறைவாகவும் மற்ற இரண்டும் நிறையவும் இருக்கும். கடிகாரம் வைத்து முழுத்தாள் எழுதுவது ஆறாவது வாரத்துக்குப் பிறகு போதும்.

டியூஷன் பற்றி: முதல் வகுப்பில் மார்க் ஸ்கீமைக் கையில் எடுக்காமல் நோட்ஸ் அச்சடித்துக் கொடுக்கிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

---

பட்டர்வொர்த்_லேப்

கிராஃப் 5க்கு 1 என்பதைப் பார்த்துத்தான் எழுத வந்தேன். அது கிராஃப் தெரியாததால் அல்ல, பிராக்டிக்கலே நடக்காததால். பள்ளியில் முதலில் பேப்பர் 5ஆ, 6ஆ என்று கேளுங்கள். 5 என்றால் ஆய்வுக்கூடத்தில் நேரடிச் சோதனை, 6 என்றால் சோதனையைப் பற்றிய எழுத்துத் தாள். எதுவானாலும் 40 மார்க், மொத்தத்தில் 20 சதவீதம்.

ஊரில் ஊசல் சோதனை எப்படி நடக்கும்? விடை (புவியீர்ப்பு முடுக்கம்) 9.8 என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அது வருகிற மாதிரி அளவீட்டைப் பின்னாலிருந்து எழுதுவார்கள். ரெகார்டில் அழகாக இருக்கும். இங்கே விடைக்கு மதிப்பில்லை, அளந்த விதத்துக்குத்தான் மார்க். வீட்டிலேயே செய்யலாம்: நூல், இரும்பு நட்டு ஒன்று, ஸ்கேல், கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்.

நீளத்தை நூல் முடிச்சு வரை அளக்கக் கூடாது, நட்டின் நடுப்புள்ளி வரை அளக்கவேண்டும். 50.0 செ.மீ. நீளத்தில் ஒரு அலைவு ஏறக்குறைய 1.4 நொடி. விரல் அழுத்துவதில் 0.2 நொடி பிந்தினாலே 14 சதவீதப் பிழை. 20 அலைவுக்கு நேரம் எடுத்தால் 28.4 நொடி அளவில் வரும், அதே 0.2 நொடி இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. 20ஆல் வகுத்துக்கொள்ளலாம். "துல்லியத்தை எப்படிக் கூட்டுவாய்" என்ற கேள்விக்கு "கவனமாக அளப்பேன்" என்று எழுதினால் பூஜ்யம். மேலே சொன்ன 20 அலைவுதான் பதில். எண்ணத் தொடங்குவது ஓரத்தில் அல்ல, ஊசல் வேகமாகக் கடக்கிற நடுப்புள்ளியில், பின்னால் ஒரு அடையாளக் குச்சி வைத்து.

இதை 30 முதல் 80 செ.மீ. வரை ஆறு நீளத்துக்குச் செய்து, ஒரு அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக கிராஃப் போடட்டும். மார்க் போகிற இடங்கள்: அச்சில் அலகு எழுதாதது; புள்ளிகள் தாளில் பாதிக்கும் மேல் பரவாதபடி சின்ன அளவுத்திட்டம் எடுப்பது, அல்லது 3, 7 என்று தாண்டுகிற அளவுத்திட்டம் எடுப்பது; புள்ளியை மொட்டு மாதிரி தடியாக வைப்பது (அரைச் சிறு கட்டத்துக்குள் இருக்கவேண்டும்); புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பது. ஸ்கேல் வைத்து ஒரே கோடு, புள்ளிகள் இரு பக்கமும் சமமாக விழவேண்டும். சரிவுக்கு வரைகிற முக்கோணம் அந்தக் கோட்டில் பாதிக்கு மேல் நீளமாக இருக்கவேண்டும், முக்கோணத்தை தாளிலேயே காட்டவேண்டும். 50 என்றும் 50.0 என்றும் எழுதுவது ஒன்றல்ல. மி.மீ. ஸ்கேலில் அளந்தால் 50.0 தான்.

வேதியியலில் இதே நோய் வேறு உருவில். "என்ன கவனித்தாய்" என்று கேட்டால் நம்ம பிள்ளை "ஹைட்ரஜன் வாயு வெளிவந்தது" என்று எழுதும். ஹைட்ரஜனை யார் கண்ணால் பார்த்தது? குமிழ்கள் வந்தன என்பதுதான் கவனிப்பு. எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' என்று சத்தம், அதுவும் கவனிப்பு. ஹைட்ரஜன் என்பது முடிவு, அதற்குத் தனி வரி. நிறமற்றது என்று எழுதவேண்டிய இடத்தில் தெளிவானது என்று எழுதுவதும் போகும். காப்பர் சல்பேட் கரைசல் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் நீலம்.

---

பாயான்லெப்பாஸ்_காரன்

எல்லாப் பழியையும் இந்தியா மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று கொண்டுவந்த பிறகு, அந்தக் கேள்விகளுக்கே மாதிரி விடைப் புத்தகம் போட்டு உருப்போட வைக்கிற திறமை நம்மிடமும் இருக்கிறது. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பைசா (PISA) தேர்வின் 2009 கூடுதல் சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் ஹிமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டு கடைசி வரிசையில் வந்தன. அதே சுற்றில்தான் மலேசியாவும் முதல்முறை எழுதியது. 2022 பைசாவில் மலேசியாவுக்குக் கணிதம் 409, அதை நடத்துகிற ஓஇசிடி அமைப்பின் நாடுகளுடைய சராசரி 472.

ஊரிலும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் ரேங்க் பட்டியலை 2017இல் நிறுத்தினார்கள், பிளஸ் டூ 1200இலிருந்து 600 ஆனது, 2018 முதல் புத்தகங்களைத் திருப்பி எழுதினார்கள். சிபிஎஸ்இ 11, 12 வகுப்புகளில் 2024-25 முதல் பாதிக் கேள்வி திறன் சார்ந்தது. புத்தகம் மாறிவிட்டது, பத்தி பத்தியாகத் திருத்துகிற கை மாறவில்லை, அதுதான் சங்கடம்.

அக்கா மகன் ஒன்பதோடு வந்துவிட்டது நல்லதுதான். அங்கே பல தனியார் பள்ளிகளில் பதினொன்றை மேலோட்டமாகத் தள்ளிவிட்டு பன்னிரண்டை இரண்டு வருடம் நடத்துவார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள், 2025இல் அதையும் எடுத்தாயிற்று. அப்படி வருகிற பிள்ளைக்கு வெக்டர், மோல் கணக்கு எல்லாம் அடியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

---

கோவை_டு_கேஎல்

எல்லோருக்கும் நன்றி. வட்டம் போட்டுப் பார்த்தோம். விட்டது நான்கில் மூன்று 'சஜஸ்ட்'தான்! கணக்கில் ஏதாவது பார்க்கவேண்டுமா, இல்லை அதை அப்படியே விடலாமா?

---

செந்தூல்_வாத்தியார்

கணக்கில் ஊர்ப் பிள்ளைக்குக் கை வேகம் உண்டு, இயற்கணிதம் சுத்தமாக இருக்கும். 2025 முதல் கணக்கு பேப்பர் 2இல் கால்குலேட்டர் கிடையாது, அங்கே அவன் ராஜா. கால்குலேட்டர் உள்ள கணக்கு பேப்பர் 4இல்தான் சறுக்கும். கால்குலேட்டரை டிகிரி முறையில் வைக்கப் பழகவேண்டும். விடை மூன்று முக்கிய இலக்கத்துக்கு, கோணம் ஒரு தசம இடத்துக்கு.

அதோடு 22/7ஐ மறக்கச் சொல்லுங்கள். ஆரம் 12 செ.மீ. வட்டத்தின் பரப்பு: கால்குலேட்டரில் உள்ள பை (π) மதிப்பில் 452.389, எழுதவேண்டியது 452. 22/7 வைத்தால் 452.571, எழுதுவது 453. முறை எல்லாம் சரி, விடை மார்க் போயிற்று. கால்குலேட்டர் பை அல்லது 3.142, இரண்டில் ஒன்று.

பாடத்தில் விடுபட்டிருப்பது திசைக்கோணம், உருமாற்றங்கள், மேல்-கீழ் வரம்பு, சமமில்லாத அகலமுள்ள ஹிஸ்டோகிராம். இரண்டு வாரத்தில் முடிகிற வேலை.

---

பிரிக்பீல்ட்ஸ்_நீட்

நீட் பற்றி யாரும் தொடவில்லையே. கதவு திறந்திருக்க, ஏ லெவலில் (ஐஜிசிஎஸ்இக்கு அடுத்த, பிளஸ் டூ நிலைப் படிப்பு) இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். இயற்பியலுக்குப் பதில் கணக்கு எடுத்தால் அங்கேயே முடிந்தது. ஆங்கிலத்தையும் ஐஜிசிஎஸ்இயோடு விட்டுவிடாதீர்கள், 11-12 நிலையிலும் ஆங்கிலம் கேட்பார்கள். ஏ லெவல் சான்றிதழுக்கு டெல்லியில் இருக்கிற இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமநிலைச் சான்று வாங்கவேண்டும். சேருகிற ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்கவேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது தேதியில். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு, ஏ லெவல் மே-ஜூன் தேர்வு நடந்துகொண்டிருக்கிற நேரம். அந்த முடிவும் ஆகஸ்ட் நடுவில்தான் வரும். முந்தைய அக்டோபர்-நவம்பர் அமர்வில் ஏ லெவலை முடித்தால் ஜனவரியில் முடிவு கையில் இருக்கும், மே வரை நீட் மட்டும் படிக்கலாம். 2022 முதல் வெளிநாட்டு மையங்களில் கோலாலம்பூரும் இருந்திருக்கிறது, ஆனாலும் விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே எல்லோரும் விடச் சொன்ன மனப்பாடம் நீட் உயிரியலுக்கு வேண்டும். 720இல் 360 உயிரியல். கேள்விகள் என்சிஇஆர்டி (இந்திய மத்திய அரசின் பாடநூல் நிறுவனம்) 11, 12 புத்தகத்தை ஒட்டியே வரும். தாவர உருவவியல், விலங்கு வகைப்பாடு எல்லாம் ஏ லெவலில் அந்த அளவுக்குக் கிடையாது. ஆகவே இயர் 11 முடிந்த விடுமுறையில் அந்த இரண்டு புத்தகமும் வீட்டில் இருக்கட்டும். 180 நிமிடத்தில் 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். இப்போதைக்கு இதைப் பற்றிப் பையனிடம் பேசவே வேண்டாம், குழம்பிவிடுவான்.

---

கோவை_டு_கேஎல்

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து ரெகார்டு நோட்டு எல்லாம் மூட்டை கட்டி வந்திருக்கிறோம். பயன்படுமா?

---

பட்டர்வொர்த்_லேப்

வேதியியல் ரெகார்டு இருக்கட்டும், உப்புச் சோதனை நிறங்களைப் புரட்டிப் பார்க்க உதவும். உயிரியல் ரெகார்டை மட்டும் மூட்டையிலேயே வையுங்கள். அதில் கலர் பென்சிலும் நிழலும் போட்டு வரையப் பழக்கியிருப்பார்கள். இங்கே நிழல் போட்டால் மார்க் குறையும். கூரான பென்சில், கை எடுக்காத ஒற்றைக் கோடு, கொடுத்த இடத்தில் பாதிக்கு மேல் பெரிய படம். பாகக் குறிப்புக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போடவேண்டும், அம்புத்தலை கூடாது, கோட்டின் நுனி அந்தப் பாகத்தைத் தொடவேண்டும். குறுக்கே வெட்டிய எலுமிச்சம் பழத்தைப் பார்த்து நாளைக்கே ஒரு படம் வரையச் சொல்லுங்கள். சுளை எட்டு இருந்தால் எட்டு, ஒன்பது இருந்தால் ஒன்பது. புத்தகத்தில் இருக்கிற மாதிரி அல்ல.