அடுத்த வெள்ளிக்கிழமை பிரஷரை இன்றைக்கே எழுதி வைத்த அம்மா: உங்கள் வீட்டுக் கதை என்ன?

மூத்தமகள்:
அம்மாவுக்கு 74, தனியாக இருக்கிறார். தினமும் பிரஷர் பார்த்து எழுதி வைப்பதாகத்தான் ஏற்பாடு. போனில் கேட்டால் 130/80, 128/80, அதைத் தாண்டாது. போன வாரம் நேரில் போய் நோட்டைப் புரட்டினால், அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்! தேதி, நேரம், 126/78, எல்லாம் ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. "நீ தினமும் கேக்கிறியே, அதான்" என்றார். உடனே உட்கார வைத்துப் பார்த்தேன், 172/90. திட்டவும் மனசு வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கு மட்டும் மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

சின்னவன்:
எங்கள் அப்பா கதை நேர்மாறு. தனியாக இருந்தவரை பிரஷர் அடங்கவே இல்லை, டாக்டரும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். முதியோர் இல்லத்தில் சேர்ந்ததும் நர்ஸ் வேளை தவறாமல் கொடுத்தார். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். படுத்திருந்தால் மேல் எண் 124, எழுந்து நின்றால் 90. விசாரித்தால், வீட்டில் பாதி நாள் மாத்திரையே போட்டதில்லை. போடாத மாத்திரைக்கு டோஸ் ஏறியிருக்கிறது! வயதானவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் இறங்கவும் செய்யுமாம். டாக்டர் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றைப் பாதியாக்கினார்.

கூட்டுக்குடும்பம்:
மூத்தமகள், தப்பா நினைக்காதீங்க, பெரியவர்களைத் தனியாக விட்டால் இப்படித்தான். எங்கள் அப்பா எங்களோடு இருக்கிறார், 140ஐத் தாண்டியதில்லை. அது இருக்கட்டும், உங்கள் 172ஐயே நான் நம்ப மாட்டேன். நோட்டுப் பஞ்சாயத்துச் சூட்டில் பார்த்தால் ஏறத்தான் செய்யும். 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்துக்கு. சிறுநீர் முட்டினால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். பட்டையைச் சட்டைமேல் சுற்றாதீர்கள், கைக்குச் சின்னதாக இருந்தாலும் கூட்டிக் காட்டும். அளக்கும்போது பேச்சே கூடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். வீட்டில் பார்த்தால் 135/85தான் எல்லை, 140/90 டாக்டர் அளப்பதற்கு. அப்புறம், மூட்டுவலி மாத்திரை போடுகிறாரா? சில வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாடிவீடு:
கூட்டுக்குடும்பம் அண்ணே, கூடவே இருந்தால் இறங்கிவிடுமா? நாங்களும் ஒரே வீடுதான். என் கணவர் பட்டையைச் சுற்றினால் மாமியாருக்கு 158. "நடந்தீங்களா, உப்பு கூடப் போட்டுக்கிட்டீங்களா" என்று விசாரணை நடத்திக்கொண்டேதான் பட்டனை அழுத்துவார். அதே நாற்காலி, அதே மெஷின், பேத்தி பார்த்தால் 136. டாக்டரிடமே இதைச் சொன்னோம். பேத்தி எடுத்த கணக்கையே கொண்டுவரச் சொல்லிவிட்டார். என் கணவருக்கு அதில் இன்னும் வருத்தம்.

ஆமாம், உங்கள் அப்பாவுக்கு யார் பார்க்கிறார்கள்? நீங்களா?

கூட்டுக்குடும்பம்:
என் மனைவிதான் பார்ப்பாள். எப்படி என்று கேட்டுச் சொல்கிறேன்.