பிரேக் போட்டும் நெளிகிற வேலை மேசை: எந்தச் சக்கரம் வாங்கலாம்?

போர்ட்டிகோ தச்சன்
வணக்கம். வீட்டுப் போர்ட்டிகோதான் என் மரவேலைப் பட்டறை. இரவில் அங்கே கார் நிற்க வேண்டும். அதனால் மேசையை மாலையில் பக்கத்து ஷெட்டுக்குள் தள்ளியாக வேண்டும். 6 அடிக்கு இரண்டரை அடி மேசை. வைஸ், கீழ்த்தட்டுக் கருவிகள் எல்லாம் சேர்த்தால் 180 கிலோ. ஹார்டுவேர் கடையில், ‘ஒன்று 50 கிலோ தாங்கும், நான்கு போட்டால் 200’ என்று 2 அங்குல நைலான் சக்கரங்களைக் கொடுத்தார்கள். நான்கும் சுழல்பவை, நான்கிலும் பிரேக் உண்டு.

ஷெட் வாசலில் ஷட்டர் இறங்கும் சிமென்ட் விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். அங்கே வந்ததும் சக்கரம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, பிரேக்கை மிதித்துவிட்டு இழைப்புளி தள்ளினால் மேசை பக்கவாட்டில் நெளிகிறது. விலை கூடிய பெரிய சக்கரம் வாங்கினால் இரண்டும் தீருமா?

வெல்டிங் பட்டறை
முதல் தொல்லை பெரிதும் குறையும். இரண்டாவது அப்படியே இருக்கும்.

15 மில்லிமீட்டர் விளிம்பில் 2 அங்குலச் சக்கரத்தை ஏற்ற, அந்தச் சக்கரத்தின் மேல் உள்ள எடையைப் போல இரண்டேகால் மடங்கு விசையோடு தள்ள வேண்டும். 4 அங்குலம் என்றால் ஏறக்குறைய எடைக்குச் சமமான விசை போதும். அதுவும் கொஞ்சமல்ல. ஷட்டர் இறங்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, இருபுறமும் ஓர் அடி நீளத்துக்குச் சிமென்டில் சரிவு பூசிவிடுங்கள். ஒரு சட்டிக் கலவையில் முடிகிற வேலைக்குச் சக்கரத்தை மாற்றுவானேன்?

ஓய்வு பெற்ற ஃபிட்டர்
கடைக்காரர் கணக்கு கடைக்காரருக்குச் சரி. தரை சமமாக இல்லாத இடத்தில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பாரம் தாங்காது. ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே மொத்த எடையை மூன்றால் வகுக்க வேண்டும். 180 கிலோவுக்குச் சக்கரம் ஒன்று 60 கிலோ தாங்க வேண்டும். போர்ட்டிகோ என்றால் மழைநீர் ஓடத் தரையில் வாட்டமும் இருக்குமே.

மரத்தூள்
நெளிவுக்கு ஒரு சோதனை. பிரேக் போட்ட பிறகு ஒருவர் மேசையைப் பக்கவாட்டில் அசைக்கட்டும். நீங்கள் தரையோடு குனிந்து ஒரே ஒரு சக்கரத்தைப் பாருங்கள். உருள்வது சக்கரமா, திரும்புவது கவட்டையா (சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரும்பு), அல்லது மேசைக்காலே சாய்கிறதா?

போர்ட்டிகோ தச்சன்
பார்த்தேன் அண்ணா. சக்கரம் உருளவில்லை. கவட்டை இடமும் வலமுமாகத் திரும்புகிறது.

மரத்தூள்
நினைத்ததுதான். சுழலும் சக்கரத்தில் அச்சு, கவட்டை சுழலும் நடு ஆணிக்கு நேர் கீழே இருக்காது; சற்றுத் தள்ளி இருக்கும். அதனால்தான் தள்ளுகிற திசைக்குத் தானே திரும்புகிறது. உங்கள் பிரேக் சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது, கவட்டையை விட்டுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பூட்டும் வகை இருக்கிறது. வாங்கினால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமானால், நான்கு சக்கரங்களையும் நான்கு திசையில் திருப்பிவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள். ஒன்று போக நினைக்கும் பக்கம் மற்றது விடாது. நெளிவு வெகுவாகக் குறையும்.

ஆனாலும் இழைப்பு வேலைக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: வேலை நடக்கும்போது மேசை சக்கரத்தின் மேல் நிற்கவே கூடாது, காலில் நிற்க வேண்டும். காலின் பக்கவாட்டில் பொருத்தி, மிதித்தால் மேசை தூக்கிக்கொள்ளும், தட்டிவிட்டால் கால் தரையில் இறங்கிவிடும் வகைச் சக்கரம் கிடைக்கிறது. மேசை உயரமும் மாறாது. 4 அங்குலச் சக்கரத்தைக் காலுக்கு அடியில் மாட்டினால் உயரம் 5 அங்குலம் ஏறிவிடும். இழைப்பவனுக்குத் தோள் போய்விடும்.

வெல்டிங் பட்டறை
நைலானையும் மாற்றுங்கள். பார்க்கிங் டைல்ஸ் மேல் கடகடவென்று ஊரையே எழுப்பும். பாலியூரித்தேன் சத்தமில்லாமல் போகும்.

ஓய்வு பெற்ற ஃபிட்டர்
மர வேலைக்குச் சரி. இரும்பு வேலை நடக்கும் இடத்தில் பாலியூரித்தேனிலும் ரப்பரிலும் துருவல் குத்தி ஏறிக்கொள்ளும், பிறகு அதுவே தரையைக் கீறும். அங்கே நைலான்தான். ரப்பரில் இன்னொரு குறை, பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும்.

துளை இயந்திரம்
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். ஆளுயர பில்லர் டிரில்லிங் மெஷினுக்கும் இதே மிதி வகையைப் போடலாமா?

ஓய்வு பெற்ற ஃபிட்டர்
வேண்டாம் தம்பி. அதற்குப் பாரம் முழுவதும் தலையில். அடித்தட்டைவிட அகலமான ஆங்கிள் சட்டம் செய்து, சக்கரங்களை அதன் நான்கு மூலைகளுக்கு வெளியே தள்ளி வையுங்கள். நகர்த்தும்போது தலையைப் பிடித்துத் தள்ளாதீர்கள், இடுப்புக்குக் கீழே பிடித்துத் தள்ளுங்கள்.

போர்ட்டிகோ தச்சன்
மிதி வகையைக் கடையில் பார்த்தேன். நான்கும் சேர்ந்து 180 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் மேசையும் சரியாக 180.

மரத்தூள்
மூன்றால் வகுக்கும் கணக்கை மறக்காதீர்கள். ஒன்றுக்கு 45 கிலோதான் வருகிறது, உங்களுக்கு 60 வேண்டும். கீழ்த்தட்டில் கருவிகள் எவ்வளவு எடை இருக்கும்?

போர்ட்டிகோ தச்சன்
குறைந்தது 60 கிலோ. ரம்பங்கள், கிளாம்புகள், வெட்டுளிப் பெட்டி.

மரத்தூள்
அப்படியானால் கருவிகளை வெளியே எடுத்துத் தனி டிராலியில் வைத்துவிடுங்கள். மேசை 120 ஆகிவிடும், ஒன்றுக்கு 40, மிதி வகையே போதும். டிராலி ஷெட்டுக்குள் சமதரையில்தான் உருளும் என்றால் உங்கள் நைலான் சக்கரங்களே அதற்குப் போதும். சுவரை ஒட்டி நிற்கும் பக்கத்தில் பிரேக் சக்கரம் வைக்காதீர்கள், கால் எட்டாது.

ஓய்வு பெற்ற ஃபிட்டர்
மேசைக்காலில் மாட்டும்போது மரத்திருகு வேண்டாம். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் திருகைப் பிடுங்குகிற மாதிரிதான் இழுவை வரும். கால் முழுக்கத் துளையிட்டு, 8 மில்லிமீட்டர் போல்ட் போட்டு, மறுபக்கம் பெரிய வாஷரோடு நட்டை இறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். மரம் அமுங்கி நட்டு தளர்ந்திருக்கும்.