கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள்

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில் வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும்போது இடது ஓரமாக நுழையலாமா? பைக்காரர்கள் எல்லாம் நுழைகிறார்கள்.

டிரெய்லர் ஓட்டுநர்: வேண்டாங்க. நாங்கள் உட்காருவது வலது பக்கம், கேபினும் உயரம், இடது கதவை ஒட்டி வரும் சைக்கிள் எங்கள் கண்ணில் படவே படாது. இடது திரும்பும் முன் வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்குவோம், அதை வழி விட்டதாக நினைத்து உள்ளே வந்தால் பின்சக்கரத்தில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் டிரெய்லர் உள்பக்கமாக வெட்டித்தான் திரும்பும்.

கேள்வி கேட்டவர்: சரிண்ணே, ஓரத்தையே அடைத்து நிறுத்தினால்? நடுவில் போனால் கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார்.

இன்னொருவர்: அடிக்கட்டும். பின்னால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, அப்புறம் நகருங்கள். நிற்கும் வண்டியின் கதவு திறக்கும் அளவு இடமும் விடுங்கள். இருட்டில் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.