பேபிசியா ஜிப்சோனி (உண்ணி வழியாக நாயின் இரத்தத்தில் புகும் ஒட்டுண்ணி) போய்விட்டது என்று நினைத்தபின் திரும்பியதா? உங்கள் அனுபவம்

வேளச்சேரி வாசி:
எங்கள் ராஜபாளையத்துக்கு அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் மருந்துகள் இரண்டும் முழுதாகக் கொடுத்து முடித்திருந்தோம். நன்றாகத் தின்றான், ஓடினான். மழைக்காலத்தில் ஒரு காலை, வெள்ளைச் சுவரில் அவன் பெய்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வழிந்தது. ஈறு வெளுத்துவிட்டது. இரத்தத்திலோ ஒட்டுண்ணி தேடித் தேடித்தான் அகப்பட்டது. இவ்வளவு கொஞ்சமாக இருக்க, சோகை மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டேன். மருத்துவர் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம் விட்டு, சலைன் கலந்து, சாய்த்துக் காட்டினார். கரைந்து ஓடவேண்டியது சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரண்டு நின்றது. "அழிப்பதில் பாதி, இவனுடைய சொந்த எதிர்ப்பாற்றல்தான்" என்றார். அந்தத் தகடு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கறுப்பியின் அம்மா:
எங்களுடையது நேர்மாறு. கறுப்பி தெருவில் பிறந்தவள். காய்ச்சல் என்று படுத்ததே இல்லை. ஒரு லாப்ரடாருக்கு இரத்தம் கொடுக்க அழைத்துப்போனோம். பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனையில் பேபிசியா இருக்கிறது என்று வந்தது! அவளோ வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். லாப்ரடாரின் சொந்தக்காரர் ஒன்றும் பேசாமல் தன் நாயின் கயிற்றைச் சற்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

தோட்டக்காரன்:
பப்பாளி இலைச் சாறு கொடுங்கள். எதிர்ப்பாற்றல் ஏறினால் எல்லாம் ஓடிவிடும்.

பழைய உறுப்பினர்:
தோட்டக்காரரே, மேலே உள்ளதைப் படித்தீர்களா? ராஜபாளையத்தின் சிக்கலே எதிர்ப்பாற்றல் மிஞ்சியதுதான். எதிரணுக்கள் ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்குகிறது. நீடித்த ஒட்டுண்ணி நோய்களில் ஐஎல்-10 என்ற புரதம் போன்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் சமிக்ஞைகள் உடலின் சீற்றத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. நாயும் பிழைக்கிறது, ஒட்டுண்ணியும் பிழைக்கிறது. கறுப்பியிடம் இருப்பது அந்தச் சமரசம். பேட்டன் என்ற ஆய்வாளர் 1910இல் இந்த ஒட்டுண்ணியை முதலில் விவரித்ததே மதராஸ் வேட்டை நாய்களின் இரத்தத்திலிருந்துதான். பிறகு நரியிலும் கண்டார். நம் ஊருக்குப் புதிய விருந்தாளி அல்ல.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அட்டோவாகுவோனைக் கொழுப்புள்ள உணவோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. மண்ணீரலை எடுத்த நாய்க்கு நோய் திரும்பினால் கடுமையாக இருக்கும். நாய்ச் சண்டையிலும் இது பரவும், ஆகவே உண்ணியை மட்டும் பழிக்காதீர்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு, சீற்றம் மிஞ்சும்போது உயிரைக் காக்கும். ஆனால் ஒட்டுண்ணியைப் பிடித்து வைத்திருக்கும் கையையும் தளர்த்தும். எங்கள் பொமரேனியனுக்கு அதைக் குறைக்கக் குறைக்க இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தோம்.

தோட்டக்காரன்:
படித்தேன். எங்கள் நாய்க்குத் தட்டணு ஏறியது என்பதும் உண்மை.

வேளச்சேரி வாசி:
சாறு வேண்டாம், அவன் வாந்தி எடுக்கிறான். பழைய உறுப்பினரே, ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் பரிசோதனையைத் தொடர்ந்தீர்களா?