எந்த விறகு எதற்கு? அடுப்படி அனுபவங்கள்

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து:

தோப்பு வீட்டில் வெளித் தாழ்வாரத்தில் விறகு அடுப்பு கட்டியிருக்கிறோம். தினமும் குளிக்க வெந்நீர், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, நோம்பி நாளில் பொங்கல் எல்லாம் இனி அதில்தான். தென்னை மட்டை, பாளை, தேங்காய்த் தொட்டி எல்லாம் தோப்பில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. போன காற்றுக்குச் சாய்ந்த ஒரு முருங்கையும் ஒரு வேம்பும் இருக்கின்றன. விறகுக் கடையில் புளியங்கட்டையும் சீமைக்கருவேலமும் வைத்திருக்கிறார்கள். எதை எரிக்கலாம், எதை விடலாம்? பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பரமக்குடி பக்கத்திலிருந்து:

தம்பி, எங்கள் அப்பா விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போனவர். சின்ன வயதில் நானும் கூடவே போவேன், காய் நறுக்கித் தருவேன். விறகுக் கடைக்குப் போனால் அப்பா முதலில் என்ன மரம் என்று கேட்க மாட்டார். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார். கணீரென்று கேட்டால் காய்ந்தது. சத்தம் மொத்தென்று அமுங்கினால் உள்ளே ஈரம். அப்புறம் வெட்டுவாயைத் திருப்பிப் பார்ப்பார். நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு உரிந்து வர வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மரம் என்ன, விலை என்ன என்ற பேச்சு.

அவர் செய்ததுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகிற வரைக்கும் நெருப்பின் சூடு பாத்திரத்துக்கு வராது, விறகுக்குள்ளேயே செலவாகிவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிலோ கிடைக்கிற சூட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. கனமான மரத்தில் ஒரு கட்டைக்குள் நிறைய எடை அடங்கியிருக்கும், அதனால் ஒருமுறை வைத்தால் நெடுநேரம் நின்று எரியும், தணலும் விழும். லேசான மரம் குபீரென்று எரிந்து அடங்கிவிடும். கடையில் எடை போட்டுத்தான் விற்கிறார்கள், ஈரக்கட்டை வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு கல்யாண வீட்டு அனுபவம் சொல்கிறேன். பெண் வீட்டார், வாசலில் நின்ற மாமரத்தைப் பந்தலுக்கு இடைஞ்சல் என்று முந்தின வாரம்தான் வெட்டியிருக்கிறார்கள். அதையே விறகாகப் பிளந்து அடுக்கிவிட்டார்கள். விடியற்காலை கோட்டை அடுப்பில் பற்ற வைத்தால் கட்டையின் நுனியில் சீத்துச்சீத்தென்று நுரை தள்ளுகிறது. ஒரே புகை. ஊதுகுழல் வைத்து ஊதி ஊதி ஆட்களுக்கெல்லாம் கண் சிவந்துவிட்டது, உலை மட்டும் கொதிக்கக் காணோம். அப்பா சத்தம் போடவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்களிடம் சிரட்டைகளை எல்லாம் வாங்கி உலை அடுப்பில் போடச் சொன்னார். துருவத் துருவ அடுப்புக்குப் போனது. சிரட்டை பிடித்ததும் தண்ணீர் கொதித்தது, அதற்குள் ஒருவர் சைக்கிளில் போய்க் காய்ந்த கருவேலங்கட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தார். பந்தி கொஞ்சம் தாமதம்தான், ஆனால் சோறு குழையவில்லை.

இனி உங்கள் மரங்களுக்கு வருகிறேன். சீமைக்கருவேலம் எங்கள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கிறது. அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்றன. நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது, கண்மாயை அடைக்கிறது, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் விறகாக அதை ஒன்றும் குறை சொல்ல முடியாது. கெட்டி மரம், நல்ல சூடு, காய்ந்துவிட்டால் புகை குறைவு, தணல் நின்று கனியும். நீங்கள் வாங்குவதாக இருந்தால் கைப்பருமன் கட்டையாகக் கேளுங்கள். தூர்க்கட்டை முறுக்கிக்கொண்டு கிடக்கும், பிளக்கவே ஒரு நாள் போய்விடும். முள் காய்ந்தாலும் செருப்பைத் துளைக்கும், அடுப்படியில் குழந்தைகள் நடமாடினால் முள்ளைச் சீவிவிட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

புளி அதைவிட நிதானமானது. பிளக்கக் கஷ்டம், பற்றவும் நேரமாகும். ஆனால் தணல் என்றால் புளியந்தணல்தான். பிரியாணிக்கு அப்பா கொதி வரும்வரை கருவேலம் எரிப்பார், அரிசி முக்கால் வேக்காடு வந்ததும் அடியில் எரிகிற கட்டையை எல்லாம் வெளியே இழுத்துவிட்டுப் புளியந்தணலை மட்டும் அடியிலும் மூடி மேலேயும் பரப்புவார். அடி பிடிக்காது, மேல் அரிசியும் வெந்து பூத்திருக்கும். உங்கள் கறிக்குழம்புக்கும் இதே கணக்குதான். ஒன்றிரண்டு புளியங்கட்டை போதும், கறி தானாக வெந்து கிடக்கும்.

வேம்பை நாங்கள் சமையல் அடுப்பில் வைப்பதில்லை. அம்மன் மரம் என்பது ஒன்று, அந்தப் புகை நெடி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொன்று. வெந்நீர் அடுப்புக்குத் தாராளமாக எரியும். முருங்கையை விறகு என்றே எண்ண வேண்டாம், காய்ந்தால் நெட்டி மாதிரி ஆகிவிடும். கையளவு கனமுள்ள கிளைகளைப் போத்தாக வெட்டி நட்டுவிடுங்கள், துளிர்த்துவிடும்.

தென்னை மட்டையும் பாளையும் பற்ற வைக்கவும் வெந்நீருக்கும் அருமை. குழம்புக்கு மட்டையை நம்பினால் ஒரு ஆள் அடுப்பை விட்டு எழுந்திருக்க முடியாது, தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

நோர்வேயிலிருந்து:

அக்கா சொன்ன தட்டிப் பார்க்கிற முறையைத்தான் இங்கே நோர்வேஜியர்களும் செய்கிறார்கள். வாசிக்கச் சந்தோசமாக இருந்தது.

எங்கட விறகு அடுப்பு சமையலுக்கு இல்லை, வீடு சூடாக்க. வார்ப்பிரும்பில் செய்த அடைத்த அடுப்பு, கண்ணாடிக் கதவு, கூரைக்கு மேலே போகிற புகைக்கூண்டு. யாழ்ப்பாணத்தில் அம்மா காவோலையும் பனம்மட்டையும் தேங்காய்ப் பொச்சும் வைத்து எரித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டு வயதுபோன மனிசன்தான் எனக்கு எல்லாம் காட்டித் தந்தார். மாரிக் குளிர் முடியிற நேரம், மரத்தில் சாறு ஏற முன்னம் வெட்டிப் பிளந்துவிட வேண்டும். கோடை முழுக்க வெயிலும் காற்றும் படுகிற மாதிரி அடுக்க வேண்டும். மேலே மட்டும் தகரம், பக்கங்களை மூடக்கூடாது. நிலத்தில் படாமல் இரண்டு கட்டைக்கு மேலே அடுக்கு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அடுப்புக்குள்ளே போகலாம். ஈரம் பார்க்க ஊசி வைத்த சின்ன மீற்றர் இருக்கு. வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து ஏமாறாமல், கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்கச் சொல்வார்.

மரத்தில் இங்கே வெள்ளைப் பட்டை உள்ள பேர்ச்தான் ராசா. காய்ந்த பேர்ச் ஒரு கனமீற்றர் கிட்டத்தட்ட 500 கிலோ வரும், ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம் 380 கிலோ. 40 லீற்றர், 60 லீற்றர் சாக்கு என்று கன அளவில்தான் விறகு விற்பார்கள், அதனால் ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் பேர்ச் சாக்கில் கூடின சூடு இருக்கு. அதுக்காக ஸ்ப்ரூஸை ஒதுக்க வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் வீட்டுக்குக் கொஞ்சச் சூடு போதும், அப்ப பேர்ச்சை நிரப்பி எரித்தால் யன்னலைத் திறந்து வைக்க வேண்டி வரும். அந்த நேரத்துக்கு ஸ்ப்ரூஸ், கடுங்குளிருக்குப் பேர்ச். பேர்ச் பட்டையில் எண்ணெய்ப் பசை இருக்கிறதால் ஈரமாய் இருந்தாலும் பற்றும், அதை உரித்துப் பற்ற வைக்க எடுத்து வைப்போம்.

இன்னொரு விசயம். இரவு படுக்க முன்னம் அடுப்பை நிரப்பிக் காற்றுத் துவாரத்தை இறுக்கி மூடிவிட்டால் விடியும்வரை எரியும் என்று சில ஆக்கள் செய்வார்கள். அப்பிடிக் காற்றில்லாமல் புகைகிற விறகிலிருந்து தார் போய்ப் புகைக்கூண்டின் உட்சுவரில் படியும். பிறகு ஒரு நாள் அந்தப் படிவே தீப்பிடிக்கும். எங்கட வரிசையில் ஒரு வீட்டில் அது நடந்தது. கூண்டுக்குள்ளே இருந்து இரைச்சல் கேட்டதாம், கூரைக்கு மேலே தீப்பொறி பறந்தது. தீயணைப்புப் படை வந்து அணைத்தது, ஆக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அன்றையிலிருந்து கொஞ்ச விறகை நல்ல காற்றோடு வேகமாக எரித்துவிட்டு அடுப்பை அணைய விடுவேன். 1998க்குப் பிறகு இங்கே புதிதாகப் போடுகிற அடுப்புகள் புகையையும் எரித்துவிடுகிற வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் ஈர விறகு வைத்தால் அந்த அடுப்பும் புகைதான் விடும்.

பிச்சாவரம் பக்கத்திலிருந்து:

எதை எரிக்கலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எதை எரிக்கவே கூடாது என்பதற்கு நான் சொல்கிறேன். எங்கள் உப்பங்கழியில் தில்லை மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. புகையும் கண்ணைப் பிடுங்கும். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த கட்டட வேலையாட்கள் ஒருமுறை கரையில் ஒதுங்கிய காய்ந்த கட்டைகளைச் சமைக்கப் பொறுக்கினார்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கையிலிருந்து தட்டிவிட்டார். அதேபோல அரளி. வேலியில் அழகாக நிற்கும், அதன் குச்சியில் கிளறினாலும் எரித்தாலும் விஷம். பெயர் தெரியாத மரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எங்கள் கடலோரத்தில் சவுக்குதான் விறகு. பச்சையாகவே எரியும் என்று பெயர் வாங்கிய மரம். ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்றுதான் வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைக் கடற்கரையோரமாக இதை நிறைய நட்டார்கள். நேராக இருக்கும், பிளக்கச் சுலபம். பொள்ளாச்சிக்கு வருகிற விலை கட்டுப்படியானால் வாங்கிப் பாருங்கள்.

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பழைய வீட்டை இடித்தபோது வந்த ஜன்னல் சட்டம், கதவு, கொஞ்சம் பிளைவுட் பலகை கிடக்கிறது. காய்ந்த மரம்தானே, வெந்நீருக்கு எரிக்கலாமா?

திருநெல்வேலியிலிருந்து:

நான் தச்சு வேலை செய்கிறவன். பெயின்ட் அடித்த மரத்தை எரிக்காதீர்கள், வெந்நீருக்கும் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஜன்னல் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கும். எரித்தால் ஈயம் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்குப் போட்டால், பாத்திரம் தேய்த்தால், அப்புறம் அது எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிளைவுட்டில் பசைதான் கெடுதல். எங்கள் பட்டறையில் பிளைவுட் துண்டைக் குளிர் காய எரித்த பையன் இருமி இருமி உட்கார்ந்துவிட்டான், அதிலிருந்து அந்தத் துண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டிவிடுவோம். ஜன்னல் சட்டம் தேக்கு என்றால் எரிப்பதே பாவம். பழைய மரம் வாங்குகிறவர்களிடம் கொடுத்தால் அந்தப் பணத்தில் உங்களுக்கு விறகு வந்துவிடும். எரிப்பதென்றால் இழைப்புளி போட்ட சுத்தமான மரச்சுருள் வாங்கிக்கொள்ளுங்கள், பற்ற வைக்க அதைவிட லேசானது இல்லை.

பரமக்குடி பக்கத்திலிருந்து:

தச்சர் தம்பி சொன்னதைக் கேளுங்கள். இன்னொன்று விட்டுவிட்டது. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஆனியிலேயே பிடித்துக்கொள்ளும் இல்லையா, அதனால் மாசி, பங்குனி வெயிலிலேயே வேண்டிய கட்டையை வாங்கிப் பிளந்து காயப்போட்டுவிடுங்கள். தாழ்வாரத்தில் அடுப்புக்கு மேலே தீ எட்டாத உயரத்தில் ஒரு பரண் கட்டிக்கொண்டால் அன்றன்றைக்கு வேண்டிய விறகு அந்தச் சூட்டிலேயே ஈரம் இழுக்காமல் இருக்கும். அடுக்கியிருக்கிற விறகை எடுக்கும்போது கையை உள்ளே விடாமல் ஒரு குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள், தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும்.