சின்னண்ணையின் மரணத்தை மலரில் சரியாக எழுதுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

நம் ஊர்ச் சங்கம் வெளியிடும் மலருக்கான குடும்ப வரலாறுகளின் வரைவைப் படித்தேன். எங்கள் பூட்டன் திருவிதாங்கூருக்குப் போகும் புகையிலையைப் பயிரிட்டது, அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து வந்து கல்வீடு கட்டியது எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் பெரியப்பாவின் இளைய மகனான சின்னண்ணையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'நாட்டுச் சூழலால் அகால மரணமடைந்தார்.' 1992 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் இப்படி எழுதினால், ஷெல் விழுந்து இறந்தார் என்றுதான் பிள்ளைகள் எண்ணுவார்கள். சின்னண்ணை இறந்தது கிணற்றுக்குள், இறைப்பு மெஷினின் புகையால்.

அந்த மெஷினும் எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு பகுதிதான். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் தோட்டம். அப்பப்பா காலத்தில் ஒருவர் துலா என்ற ஏற்றத்தை மிதிக்க, இன்னொருவர் பட்டை என்ற இறைகூடையைப் பிடித்து இறைத்தார்கள். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து நம் செம்பாட்டு மண்ணுக்கு நல்ல காலம் பிறந்தபோது, பெரியப்பா மண்ணெண்ணெய் மெஷின் வாங்கினார். இரண்டு அத்தைமாரின் கல்யாணம் அந்த வெங்காயக் காசில்தான் நடந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தது. பிறகு மின்சார மோட்டார் வந்ததும் மெஷின் கொட்டிலுக்குள் போனது.

1990இல் போர் மீண்டும் தொடங்கி மின்சாரமும் நின்றது. மோட்டார் பயனற்றுப்போக, பழைய மெஷினை வெளியே எடுத்தார்கள். பெட்ரோலுக்குத் தடை. குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் (பால் போத்தலில்) வைத்திருக்கும் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் விட்டு முடுக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள், கரும்புகை தள்ளும். இந்த அளவில் நாட்டுச் சூழலுக்கும் பங்குண்டு, அதையும் எழுதுங்கள்.

கடும் கோடை. நீர்மட்டம் இறங்கியதால் மேலேயிருந்து இழுக்க முடியவில்லை. கிணற்றின் உட்படியில் பலகை போட்டு மெஷினை இறக்கிவைத்தார்கள். அது ஓடி நின்றுவிட, மறுபடி முடுக்கச் சின்னண்ணை இறங்கினார். பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர். குரல் கொடுத்தும் பதில் இல்லாததால் பெரியண்ணை பின்னால் இறங்கினார், அவரும் மயங்கினார். அயலவர்கள் வாயையும் மூக்கையும் ஈரத் துணியால் கட்டிக்கொண்டு கயிற்றால் இருவரையும் தூக்கினார்கள். பெரியண்ணை பிழைத்தார். அந்த அயலவர்களின் துணிவு மலரில் கட்டாயம் வரவேண்டும், ஈரத் துணி மெஷின் புகையிலுள்ள நச்சு வாயுவைத் தடுக்காது என்ற உண்மையோடு சேர்த்து.

கிணற்றில் முனி அடித்தது என்றுதான் ஊர் பேசியது. பெரியம்மா சாகும்வரை அந்தப் பேச்சைச் சுமந்தார். எனக்கு ஆறாத கோபம் அதில்தான். முனியல்ல, கார்பன் மோனாக்சைடு என்ற அந்த வாயு. நிறமில்லை, மணமில்லை, மெஷின் நின்ற பிறகும் கிணற்றுக்குள் தங்கி நிற்கும். அரிக்கன் லாம்பை இறக்கிப் பார்க்கும் வழக்கமும் இதற்கு உதவாது. மூச்சுக்குக் காற்றுப் போதாத கிணற்றில்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லும் அளவுக்கு இந்த வாயு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பெரியண்ணையிடம் பேசிவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுத அவர் சம்மதித்திருக்கிறார். பள்ளிக்கூடப் படமும் தருவார். எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிய ஒன்றரைப் பக்கத்துக்குள் இடம் போதாவிட்டால் கல்வீட்டைப் பற்றிய பத்தியைச் சுருக்குங்கள். ஊரில் யாராவது இன்னும் மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் மெஷினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால், மெஷினை மேலே வைத்து இறைக்க ஆகும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். முதல் பங்கை எங்கள் குடும்பம் தரும்.