மறு: ‘கால் டிராக்கிங் நம்பர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘அழைப்புக் கண்காணிப்பு எண்’ போதும். டிராக்கிங் என்றால் கண்காணிப்புதானே?

போதாது என்பது என் கட்சி. எந்த விளம்பரத்தைப் பார்த்து அழைப்பு வந்தது என்று அறிய, விளம்பரத்துக்கு விளம்பரம் மாற்றிப் போடும் தொலைபேசி எண்ணைத்தான் ‘கால் டிராக்கிங் நம்பர்’ என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் என் மைத்துனர் கட்டில், நாற்காலி விற்கிறார். அவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னதும், “போலீஸ் வைக்கிறதா?” என்று கேட்டார். இத்தனைக்கும் போன ஓணத்துக்கு அப்படி மூன்று எண் வாங்கிப் போட்டவரே அவர்தான்.

நாளிதழுக்குள் வைத்துக் கொடுக்கும் நோட்டீசில் ஓர் எண் போட்டார். உள்ளூர் கேபிள் விளம்பரத்திலும் ஆட்டோக்களின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இன்னோர் எண். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பாறசாலை வட்டாரத்துக்கென்று மலையாளத்தில் அடித்த நோட்டீசில் மூன்றாவது எண். எதைக் கூப்பிட்டாலும் மணி அடிப்பது அவர் கல்லாவில் கிடக்கும் அதே பழைய செல்போனில்தான். நடுவில் இருக்கும் நிறுவனம் அழைப்பை அங்கே திருப்பிவிடுகிறது. திருப்பும்போதே எந்த எண்ணுக்கு வந்தது, கூப்பிட்டவர் எண் என்ன, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி பேசினார்கள், எடுக்காமல் விட்டது எது என்றெல்லாம் குறித்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் கேபிள் எண் கிட்டத்தட்ட ஊமை. அதிகம் அடித்தது மலையாள நோட்டீஸ் எண். அதிலும் பாதி, இரவு எட்டு மணிக்கு மேல், கடை சாத்திய பிறகு. கேபிளுக்கு அவ்வளவு பணம் கொட்டிய மனிதர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இதில் சோதனைக்கு நிற்பது விளம்பரம். கூப்பிட்டவரை யாரும் பின்தொடரவில்லை. ‘கண்காணிப்பு’ என்று எழுதினால் வாசகர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

> அப்படியானால் ‘அழைப்புத் தட எண்’?

தடம் நல்ல சொல்தான். ஆனால் வடசேரி பேருந்து நிலையத்தில் நின்று ‘தட எண்’ என்று சொல்லிப் பாருங்கள்; எந்த பஸ் என்று கேட்பார்கள். அந்தச் சொல் பேருந்துக்குப் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. ‘தடமி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயர் மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.

கடைக்காரர்கள் வாயில் புழங்குவது ‘வாடகை நம்பர்’. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஓணம் முடிந்ததும் மைத்துனர் மாதக் கட்டணத்தை நிறுத்தினார். ஆட்டோ ஸ்டிக்கர்களை யார் உரிப்பது? சில மாதம் கழித்து அந்த எண் வேறு யாருக்கோ போய்விட்டது. கட்டில் விலை கேட்டவர்கள் வசவு வாங்கினார்கள். ஆனாலும் வாடகை என்பது எண் யாருடையது என்று சொல்கிறதே தவிர, எதற்கு என்று சொல்லவில்லை.

என் முன்மொழிவு ‘வந்தவழி எண்’. புதிதாக ஓர் ஆள் கடைக்குள் நுழைந்தால் எந்த வியாபாரியும் கேட்பது, “எங்க பார்த்து வந்தீங்க?” என்றுதான். அந்தக் கேள்வியை வாய் திறக்காமல் கேட்கும் எண் இது. தொலைபேசி பரவாத காலத்திலேயே மேல்நாட்டு அஞ்சல் வணிகர்கள் இதைச் செய்தார்கள். விளம்பர முகவரியில் ஒரு பிரிவு எண் சேர்ப்பார்கள், பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எண். அப்படி ஒரு பிரிவே அலுவலகத்தில் இருக்காது. உறையைப் பார்த்தாலே எந்தப் பத்திரிகை பேசியது என்று தெரிந்துவிடும்.

‘வழியறி எண்’ என்றும் யோசித்தேன், ‘நோயறி’ போல. இலக்கணத்துக்குச் சுத்தம். ஆனால் கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாக்காரர் திருவள்ளுவர் சிலைக்குப் படகு எங்கே என்று கேட்க அந்த எண்ணைக் கூப்பிடுவார்.

அப்புறம், இணையதளத்தில் கூகுள் தேடல் வழியாக வந்தவருக்கு ஓர் எண்ணும் ஃபேஸ்புக் வழியாக வந்தவருக்கு வேறு எண்ணும் தானாகக் காட்டும் வித்தை இருக்கிறது. ‘எண்மாறாட்டம்’ என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆள்மாறாட்டம் நினைவுக்கு வந்து வழக்கு போடுவார்கள். ‘மாறும் வந்தவழி எண்’ போதும்.

தக்கலையிலிருந்து.

* * *

அண்ணா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு நெருடல். இந்த நிறுவனங்களில் பல, பேச்சையும் பதிவு செய்து தருகின்றன. கூப்பிட்டவர் குரல் ஏதோ ஒரு கணினியில் கிடக்கிறது. தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்தாயிற்று. ‘வந்தவழி’ என்ற சாதுவான பெயர் இதை மறைத்துவிடாதா? அந்த அளவுக்குக் ‘கண்காணிப்பு’ என்றவர் சொன்னதும் தப்பில்லையே.

* * *

தங்கச்சி சொல்வது சரி. கூப்பிட்டவரை யாரும் பின்தொடரவில்லை என்று நான் அடித்துச் சொன்னது அவசரம். எண்ணுக்குப் பெயர் அப்படியே இருக்கட்டும். பேச்சைப் பதிவு செய்தால் ‘குரல்பதி வந்தவழி எண்’ என்று அடைமொழி சேர்த்தே எழுத வேண்டும் என்று நம் சொற்பட்டியலில் குறிப்பு போடலாம்.

இதை எழுதுவதற்கு முன் மைத்துனரைக் கூப்பிட்டு, உங்கள் எண்களில் பதிவு ஓடியதா என்று கேட்டேன். “அப்படியும் ஒண்ணு உண்டா?” என்றார்.